இடப்பக்கம் நின்றவன்

இலஞ்சி
27.2.2025

தம்பி மணிமுத்துவுக்கு நாறும்பூநாதன் எழுதிக்கொண்டது. நான் சுகமாக இருக்கிறேன். நீயும் உன் பெண்சாதி முப்பிடாதியும் சுகமா என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன்.

போனில் உன் நம்பரை அடைத்து வைத்திருக்கிறேன். பேசியதை நாளைக்கு இல்லை என்று சொல்லிவிடலாம், எழுதியதைச் சொல்ல முடியாது. இனி எதுவானாலும் தபாலில் எழுது.

நேற்று தென்காசி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. எழுத்து பாதிக்குப் பாதி அழிந்திருந்ததால் மருமகள் நிர்மலாவைப் படிக்கச் சொன்னேன். நான் மூளையில் அடைப்பு வந்து படுத்தவனாம், நான் வேன் ஓட்டினால் ஊராருக்கு ஆபத்தாம், இப்படி ஒரு மனு போயிருக்கிறது. மே பன்னிரண்டாம் தேதி மருத்துவச் சான்றோடு போய் ஓட்டிக் காட்ட வேண்டும். அதுவரை வண்டியைத் தொடக்கூடாது. மனுவின் நகலையும் வைத்திருந்தார்கள். கீழே வலது ஓரத்தில் உன் கையெழுத்து. பத்தொன்பது வருஷம் என் வண்டியில் கிளீனராக நின்றவன் கையெழுத்தை எனக்குத் தெரியாதா?

ஜனவரியில் அடைப்பு வந்தது உண்மை. பதினோரு நாள் திருநெல்வேலியில் கிடந்தேன். எழுந்து வந்துவிட்டேன். கை வருகிறது, கால் வருகிறது, வாய் யாருக்கும் அடங்கவில்லை. பிப்ரவரி பதினாறு, ஞாயிற்றுக்கிழமை, நீயே வந்து நம் வீட்டுக் கேட்டடியில் நின்று, வண்டியில் இரண்டு தட்டுத் தட்டி என்னை அனுப்பி வைத்தாய். ஐந்தருவி வரை போய், திரும்பிக் கொண்டுவந்து விட்டேன். ஒருவர் மேலும் ஒரு கீறல் இல்லை. திரும்பி வருவதற்குள் நீ கடையத்துக்குப் பஸ் ஏறிவிட்டாய் என்றாள் நிர்மலா. சொல்லிக்கொண்டு போகக்கூட உனக்கு மனசில்லை. அடுத்த ஐந்தாம் நாள் மனு.

அனுப்பி வைத்த கைதானே எழுதியது? ஜூனில் சாரல் தொடங்கும். நாற்பத்தாறு வருஷத்தில் ஒரு சீசன்கூட நான் ஓட்டாமல் இருந்ததில்லை. என்னை ஒதுக்கிவிட்டு வண்டியை நீ எடுக்கப் பார்க்கிறாயா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்று எழுது.

நாறும்பூநாதன்


கடையம்
5.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு மணிமுத்து வணங்கி எழுதுவது. இங்கு நாங்கள் இருவரும் இருக்கிறோம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரஷர் மாத்திரையை விட்டுவிடாதீர்கள். கோபம் கூடாது என்று டாக்டர் சொன்னதை நிர்மலா நினைவூட்டுவாள்.

மனு நான் கொடுத்ததுதான். வண்டி எனக்கு வேண்டாம் அண்ணே. எனக்குப் பஞ்சர் கடை போதும். நீங்கள் ஓட்டவேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். காரணத்தை நேரில் சொல்லவேண்டும். இப்போது வர முடியாத நிலை.

அன்புத் தம்பி
மணிமுத்து


இலஞ்சி
12.3.2025

தம்பிக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கும் குறைவிருக்காது.

உன் கடிதத்துக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. ஒவ்வொரு வரியும் எங்கேயோ நடுவில் தொடங்குகிறது. "விட்டுவிடாதீர்கள்" என்றிருக்கிறது, எதை என்று இல்லை. மனசில் பாதியை வைத்துக்கொண்டு எழுதினால் இப்படித்தான் வரும். நிர்மலாதான் சேர்த்துச் சொன்னாள். நீ எழுதாததை அவளாகச் சொல்கிறாளோ என்றும் சந்தேகம்.

எனக்கு மூளையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். உன் மதினி பேச்சு போய் மூன்று வருஷம் கிடந்தபோது, ரிஃபாத்தின் பழைய பேப்பர் கடையில் டாக்டர் படிப்புப் புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்து, அகராதி வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தவன் நான். எட்டாவது பெயில் என்று சிரித்தாய். அவளைப் பார்த்த டாக்டரே, "பெரியவரே, நீங்க நம்ம பசங்களவிடச் சரியாச் சொல்லுதீய" என்றார்.

கேள். கழுத்தின் முன்பக்கம் இரண்டு தமனி, பின்பக்கம் முதுகெலும்பு வழியாக இரண்டு. நான்கும் மேலே ஏறி மூளைக்கு அடியில் ஒரு வளையமாகச் சேர்கின்றன. ஒரு ரோடு அடைத்தால் இன்னொரு ரோட்டில் சுற்றி வருகிற மாதிரி ஆண்டவன் போட்ட வளையம். அதிலிருந்து பக்கத்துக்கு மூன்று பிரியும். முன்மூளைத் தமனி அடைத்தால் கால் போகும். பின்மூளைத் தமனி அடைத்தால் பார்வை போகும். நடுமூளைத் தமனிதான் பெரிது. அதில் மேல் கிளை முகத்துக்கும் கைக்கும். இடது மூளை என்றால் பேச்சும் சேர்ந்து போகும். உன் மதினிக்குப் போனது அது.

எனக்கு அடைத்தது வலது நடுமூளைத் தமனியின் கீழ்க் கிளை. கால் இருக்கிறது, பார்வை இருக்கிறது, கை இருக்கிறது, பேச்சு இருக்கிறது. பிறகு என்னதான் இல்லை? கீழ்க் கிளை அடைத்தால் என்ன ஆகும் என்று புத்தகத்தில் தேடினேன். ஒன்றும் போடவில்லை. ஒன்றும் ஆகாது, அதனால்தான் போடவில்லை.

இத்துடன் என் கையாலேயே வரைந்த தமனிப் படம் வைத்திருக்கிறேன். புத்தகத்தைப் பார்க்காமல் போட்டது. மூளை கெட்டவன் போடுகிற படமா என்று பார். மே பன்னிரண்டில் அதிகாரிக்கும் இதே மாதிரி ஒன்று கொடுக்கப்போகிறேன்.

நாறும்பூநாதன்


கடையம்
2.4.2025

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். உங்கள் உடம்பு தேவலை என்று நிர்மலா சொல்லி அறிந்தேன். முப்பிடாதி உங்களை விசாரித்தாள்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. படத்தைப் பல நாள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனசு தாங்கவில்லை. அதிகாரிக்குக் கொடுக்காதீர்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

வளையம் என்று எழுதியிருந்தீர்கள். படத்தில் பாதி வளையம்தான் இருக்கிறது அண்ணே. வலது பக்கம் ஒவ்வொரு கிளையும் ஊசி முனையில் போட்ட மாதிரி இருக்கிறது. இடது பக்கம் வெறும் காகிதம். இங்கே எபனேசர் என்று பிசியோதெரபி பார்க்கிற தம்பி ஒருவர் வருவார். அவரிடம் காட்டினேன். கீழ்க் கிளை அடைத்தால் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மூளைக்கு மறந்துபோகும், கண் நன்றாக இருந்தாலும் அங்கே பார்க்கத் தோன்றாது, மறந்தது என்பதும் தெரியாது என்றார். உங்கள் புத்தகத்திலும் இருக்குமாம். நிர்மலாவை விட்டுப் பார்க்கச் சொன்னேன். நீங்கள் தேடிய அதே பக்கத்தில், இடது பத்தியில் இருக்கிறதாம்.

இந்தக் கடிதத்தைத் தாளின் வலது பாதியில் மட்டும் எழுதியிருக்கிறேன். உங்களுக்குத் தலையோடு வந்து சேரும் என்று நினைக்கிறேன்.

மணிமுத்து


இலஞ்சி
9.4.2025

தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறேன். நீயும் இருப்பாய்.

இந்தக் கடிதம் ஒழுங்காக இருந்தது. புத்தி வந்து எழுதியிருக்கிறாய் என்று பார்த்தால், எழுதியிருப்பது முழுதும் அவதூறு. என் படம் முழுசாக இருந்தது. நீயோ, உன் எபனேசரோ பாதியை அழித்திருப்பீர்கள். அதுகிடக்க, பஞ்சர் ஒட்டுகிறவனுக்கு பிசியோதெரபிக்காரர் எதற்கு வீட்டுக்கு வருகிறார்?

வேன் ஸ்டாண்டில் ஜஸ்டின் சொன்னான், "ஒங்க தம்பி கடை ஒரு மாசத்துக்கும் மேல பூட்டிக் கெடக்கே அண்ணாச்சி, எங்கயும் வெளியூர் போயிட்டாவளா?" என்று. கடையைப் பூட்டிவிட்டு எந்த அலுவலகத்துக்கு அலைகிறாய்? என் லைசென்ஸைப் பிடுங்குவது அத்தனை பெரிய வேலையா?

இங்கே நிர்மலாவும் உன் கட்சி. தட்டில் பாதிக்குத்தான் சோறு வைக்கிறாள். கேட்டால் தட்டைத் திருப்பி வைத்து, "இன்னா இருக்கே மாமா" என்கிறாள். பட்டாளத்திலிருக்கிற மகனுக்கு இதையெல்லாம் எழுதினேன். "சித்தப்பா சொல்லுதத கேளுங்கப்பா" என்று அவனும் போனில் உன் பாட்டைத்தான் பாடுகிறான்.

கேட்காமல் இருந்த ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். டீக்கடைக்காரன் வந்தான், பதினைந்து வருஷமாகப் பேசாமலிருந்த பங்காளி வந்தான். கூடப்பிறந்தவன் ஒரு நாள் வந்து எட்டிப்பார்த்தாயா? அன்றைக்கே நான் விளங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

மே பன்னிரண்டுக்கு நீ வர வேண்டும். மனுவில் எழுதியதை என் முகத்துக்கு நேரே சொல்.

நாறும்பூநாதன்


கடையம்
20.4.2025

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். இங்கு வெயில் தாங்கவில்லை. நீங்கள் மத்தியானம் வெளியே இறங்க வேண்டாம்.

ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சொல்லவேண்டாம் என்றிருந்தேன். பதினோரு நாளும் நான் அங்கேதான் இருந்தேன் அண்ணே. கட்டிலுக்கு வலப்பக்கம் மருந்து பாட்டில் கம்பி நின்றதால் நாற்காலியை இடப்பக்கம் போட்டிருந்தார்கள். நான் கூப்பிட்டால் நீங்கள் வலப்பக்கம் திரும்பி, "யாருலே அது?" என்று கேட்பீர்கள். மணி வரவில்லையா என்று என்னிடமே இரண்டு தடவை கேட்டீர்கள். உங்களுக்குக் கஞ்சி கொடுத்தது நான். நர்ஸ் என்று நினைத்து, உப்புப் போதாது என்று வைதீர்கள்.

மே மாதம் என்னால் வர முடியாது. ஏன் என்று கேட்காதீர்கள். பயந்து வராமலிருக்கவில்லை.

மணிமுத்து


இலஞ்சி
14.5.2025

மணிமுத்துவுக்கு,

உன் சுகத்தை நான் இந்தக் கடிதத்தில் விசாரிக்கவில்லை.

வரவில்லை நீ. நிர்மலாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனேன். முதலில் டாக்டர். ஒரு கோட்டைப் போட்டு நடுவில் புள்ளி வைக்கச் சொன்னார். வைத்தேன். நடு இதுவல்ல என்றார். பதினாலு வயசில் கையில் ஸ்பேனர் எடுத்தவனுக்கு நடு தெரியாதா? ஒரு தாள் நிறைய நட்சத்திரம் போட்டு எல்லாவற்றையும் அடிக்கச் சொன்னார். எல்லாவற்றையும் அடித்தேன். தாளைத் திருப்பிக் காட்டினார், அங்கே இருபதுக்கு மேல் அடிக்காமல் கிடந்தது. எப்போது வரைந்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

என் தமனிப் படத்தைக் கொடுத்தேன். நல்ல மனுஷன், ரொம்ப நேரம் பார்த்தார். "அய்யா, இது யாரு சொல்லிக்கொடுத்தது?" என்றார். நானே படித்தது என்றேன். "இவ்வளவு தெரிஞ்ச ஒங்களுக்கு இதத்தான் எப்படிச் சொல்லுததுன்னு தெரியல" என்று படத்தை எடுத்துப் பைலில் வைத்துக்கொண்டார். திருப்பிக் கேட்டேன், தரவில்லை.

பிறகு மைதானம். உதவியாளர் ஒருவர் பக்கத்தில் உட்கார, ஓட்டிக் காட்டினேன். வலப்பக்கக் கூம்பு ஒன்றில்கூடப் படவில்லை. இடப்பக்கம் நான்கு வைத்திருந்தார்களாம், நான்கும் சாய்ந்துவிட்டதாம். நான் ஓட்டும்போது அங்கே ஒன்றும் இல்லை. வேடிக்கை பார்க்க ஜஸ்டின் வந்து நின்றான். நீ சொல்லி அவன் தள்ளிவிட்டிருப்பான்.

லைசென்ஸ் போய்விட்டது. நாற்பத்தாறு வருஷம் ஒரே நிமிஷத்தில் ஒரு முத்திரைக்குக் கீழே போய்விட்டது. நிர்மலா ஆட்டோவில் அழுதுகொண்டே வந்தாள். என்னைத் தோற்கடித்துவிட்டு எதற்கு அழுகிறாய் என்றேன். "நீங்க தோக்கல மாமா, யாருமே ஜெயிக்கல" என்றாள். எல்லோருக்கும் பேசத் தெரிகிறது.

நீ வரமாட்டாய். நான் வருகிறேன் கடையத்துக்கு. முகத்தைப் பார்த்து இரண்டு கேள்வி கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். காப்பித் தண்ணி வேண்டாம்.

நாறும்பூநாதன்


கடையம்
18.5.2025

அண்ணே, வணக்கம். வரவேண்டாம். பஸ்ஸில் அலைந்தால் பிரஷர் ஏறும். இன்னும் இரண்டு மாதம் பொறுங்கள், நானே வந்து உங்கள் முன்னால் நிற்கிறேன். வைகிறதை அப்போது வையுங்கள். கும்பிட்டுக் கேட்கிறேன்.

மணிமுத்து


இலஞ்சி
21.6.2025

மணிமுத்துவுக்கு,

ஜூன் ஒன்றாம் தேதி உன் வீட்டுக்கு வந்தேன். இருபது நாள் பேனாவைத் தொடவில்லை. இப்போது எழுதுகிறேன். என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். எழுத்தில் இல்லாததை நீங்கள் எல்லோரும் சேர்ந்து இல்லாமல் ஆக்கிவிடுவீர்கள்.

நிர்மலா கதவைத் தட்டினாள். உள்ளே ஏதோ தள்ளுகிற சத்தம் கேட்டது. என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நீ எதிரே பெஞ்சில், முகம் எனக்கு நேராக இருக்க உட்கார்ந்திருந்தாய். உன் முகம் தெரிந்தது. சாரல் பிடித்துவிட்டதா என்றாய். பிடித்துவிட்டது, கூட்டம் அம்முகிறது என்றேன். வண்டியைத் துடைத்து வைத்திருக்கிறீர்களா என்றாய். காப்பி வேண்டாம் என்று எழுதியிருந்தும் குடித்தேன். வைய வந்தவன் சீசனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம், மணி. உன் முகம் நன்றாக இருந்தது. கொஞ்சம் மெலிந்திருந்தாய், அவ்வளவுதான்.

அப்போது முப்பிடாதி வந்தாள். "இதுக்கு மேல என்னால முடியாது" என்றாள். நீ, "ஏட்டி, சும்மா இரு" என்றாய். அவள் என் நாற்காலியின் கையைப் பிடித்து, நான் உட்கார்ந்திருக்கவே தரையில் தேய இழுத்துத் திருப்பினாள். "இப்பப் பாருங்க அத்தான். நல்லாப் பாருங்க. நாலு மாசமா இவுக கெடக்கதப் பாருங்க."

முழங்காலுக்குக் கீழே கம்பி. வெளியே நீட்டிக்கொண்டு நான்கு ஆணி. கால் பாதி தடிமன் இல்லை. பெஞ்சில் என் இடது கைப்பக்கமாக நீட்டி வைத்திருந்தாய், பக்கத்தில் வாக்கர். இத்தனையும் அரை மணி நேரமாக என் எதிரே இருந்திருக்கிறது.

"எப்படிலே?" என்றேன். நீ, அருவிப் பாறையில் வழுக்கிவிட்டது என்றாய். முப்பிடாதி உன்னைப் பார்த்த பார்வையில் அது பொய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து வந்துவிட்டேன்.

கால் எப்படி முறிந்தது என்று இப்போது உன் கையால் எழுது. ஆனால் அதற்கு முன் ஒன்று. அந்த நாற்காலியை யார் அப்படிப் போட்டது? நீதான் போடச் சொன்னாய். எனக்கு எங்கே தெரியாது என்று பார்த்து, அங்கே காலை நீட்டினாய். மனு போட்டதைக்கூட மறந்துவிடுவேன். எனக்கு இல்லாமல் போன இடத்தை அலமாரி மாதிரி எடுத்து, அதற்குள் உன் காலை ஒளித்து வைத்துக்கொண்டு, என்னோடு சாரல் பேசினாய் பார், அதை மறக்கமாட்டேன்.

நாறும்பூநாதன்


கடையம்
27.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். கால் பரவாயில்லை. ஆகஸ்டில் கம்பியை எடுத்துவிடுவார்கள்.

நாற்காலியைப் போடச் சொன்னது நான்தான். அதை இல்லை என்று சொல்லவில்லை.

பிப்ரவரி பதினாறு அன்று நீங்கள் சாவியை எடுத்தபோது தடுக்கத்தான் வந்தேன். கேட்கவில்லை நீங்கள். சரி, பழையபடி பக்கத்தில் நின்று கேட்டைத் தாண்டவாவது விடுவோம் என்று இடப்பக்கம் போய் நின்றேன். வண்டி இடது பக்கம் ஒடித்து வந்தது. "அண்ணே, நில்லுங்க, நில்லுங்க" என்று கத்தினேன், என்ஜின் இரைச்சலில் எடுபடவில்லை. வண்டியின் படிக்கட்டுக்கும் கேட்டின் கல்தூணுக்கும் நடுவில் என் கால் சிக்கிக்கொண்டது. நம் வழக்கப்படி நிற்கச் சொல்லி ஒரு தட்டுத் தட்டினேன். வண்டி நிற்கவில்லை. வலியில் இன்னொரு தட்டுத் தட்டினேன்.

ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் போகலாம். பத்தொன்பது வருஷம் நான் உங்களுக்குப் பழக்கிக் கொடுத்தது. நீங்கள் கியரை மாற்றிப் போய்விட்டீர்கள். உங்கள் மேல் குற்றமில்லை. இரண்டாவது தட்டை நான் தட்டியிருக்கக் கூடாது.

நிர்மலாவும் பக்கத்து வீட்டுக்காரரும் ஆட்டோவில் ஏற்றினார்கள். கேஸ் ஆகிவிடும், உங்களுக்குத் தெரிந்தால் மறுபடியும் அடைப்பு வந்துவிடும் என்று பயந்து, அருவியில் வழுக்கியதாக நானே ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தேன். மனுவிலும் உங்கள் பேரைக் கெடுக்க மனம் வராமல், இடித்துவிடுவார் என்று அஞ்சுகிறேன் என்று மட்டும் எழுதினேன். அடுத்தது யாராவது குழந்தையாக இருந்தால் என்ன செய்வது அண்ணே? வேறு வழி தெரியவில்லை.

மணிமுத்து


இலஞ்சி
8.7.2025

தம்பி மணிமுத்துவுக்கு,

உன் கால் எப்படி இருக்கிறது என்று எபனேசரைக் கொண்டு தனியாக எழுதச் சொல். நீ எழுதினால் நம்பமாட்டேன்.

கடிதத்தை மூன்று முறை படித்தேன். பிறகு நிர்மலாவை அழைத்துக்கொண்டு கேட்டடிக்குப் போய், தலையைப் பிடித்துத் திருப்பச் சொல்லிக் கல்தூணைப் பார்த்தேன். வண்டி பெயிண்ட் அதில் ஒட்டியிருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் போய்வந்திருக்கிறேன்.

இதையும் எழுதிவிடுகிறேன். இப்போதும் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. அங்கே இருட்டாகத் தெரிந்தாலாவது ஏதோ மறைக்கிறது என்று நினைக்கலாம். இருட்டும் இல்லை. அங்கே என்று ஓர் இடமே இல்லை. எந்தக் கிளை எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரிந்தவனுக்கு, அந்தக் கிளை தன் தலைக்குள் அடைத்துக் கிடப்பதை உன் கால் முறிந்துதான் அறிய வேண்டியிருக்கிறது. உன் கால் ஒன்றுதான் எனக்கு ஆதாரம். அந்த ஆதாரத்தை நான்கு மாதம் நீ மறைத்து வைத்தாய். நான் உங்கள் எல்லோரையும் திருடர்கள் என்று வைதுகொண்டு திரிந்தேன். ஜஸ்டினிடம்கூடப் பேச்சை நிறுத்தினேன். இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்? எனக்கு அடைப்பு வரும் என்று பயந்தாயாம். என்னைப் பைத்தியக்காரனாக நடக்க விட்டாயே, அதற்குப் பயப்படவில்லையா?

உன் மனுவில் பொய் இருக்கிறது. "அஞ்சுகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். நடந்து முடிந்ததை அஞ்சுகிறேன் என்று எழுதுவது பொய். ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்ததும் பொய். ஆகவே நான் புதிதாக ஒன்று எழுதியிருக்கிறேன். நகல் கீழே.

"வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு, இலஞ்சி நாறும்பூநாதன், வயது அறுபத்தொன்பது, எழுதிக்கொள்வது. என்னைப் பற்றி என் தம்பி மணிமுத்து கொடுத்த மனு உண்மைக்குக் குறைவானது. 16.2.2025 காலை என் வேனின் இடப்பக்கத்தால் அவன் காலை நானே முறித்தேன். அவன் கத்தியதும் வண்டியில் தட்டியதும் என்னை நிறுத்தவில்லை. என் வலது நடுமூளைத் தமனியின் கீழ்க் கிளை அடைத்திருப்பதால் இடப்பக்கம் நின்றவனை நான் அறியவில்லை. இதை என் கோப்பில், என் படத்தோடு சேர்த்து வைக்கக் கேட்டுக்கொள்கிறேன். இதனால் என் மேல் நடவடிக்கை எதுவானாலும் சம்மதம்."

முதலில் எழுதியது தாளின் வலது ஓரத்தில் ஒடுங்கிக் கிடந்ததாம். நிர்மலா தாளின் இடது ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் "இங்கனருந்து மாமா, இங்கனருந்து" என்று சொல்லச் சொல்ல எழுதினேன். நான்கு மணி நேரம் ஆனது.

உன் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். அடிபட்டவன் நீ. படித்துப் பார். மறுபடியும் என்னைக் காப்பாற்றுகிறேன் என்று ஒரு சொல்லை மாற்றினாயோ, கிழித்துப் போட்டுவிட்டு இன்னொன்று எழுதுவேன். வண்டி இனி ஷெட்டை விட்டு இறங்காது. சாவி என்னிடம்தான் இருக்கும், அதைக் கேட்காதே.

மன்னிப்பு என்ற சொல் இந்தக் கடிதத்தில் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடாதே. நான் கேட்க வேண்டியது இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீ அந்த நாற்காலியைப் போட்டாய். முதலில் நீ கேள். அதன் பிறகு நான் கேட்பேன்.

அண்ணன்
நாறும்பூநாதன்